கோட்டை கரையில், கப்பல் கடலில்

நெம்மேலிக் குப்பத்தில் காலை ஆறரை மணி இருக்கும். கரையிலிருந்து ஏறத்தாழ இருநூறு மீட்டர் தள்ளி ஒரு ஃபைபர் படகு நின்றுகொண்டிருந்தது. உள்ளே நான்கு பேர். இரவெல்லாம் கடலில் கிடந்து திரும்பியவர்கள். வீட்டுக் கூரை தெரிகிற தூரத்துக்கு வந்தாயிற்று. ஆனாலும் படகு நகரவில்லை. இன்ஜின் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

"என்னங்கய்யா, பழுதாயிடுச்சா?" என்று பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

அவர் நிமிரவில்லை. "பழுதெல்லாம் இல்ல சார். அலை பாத்துக்கினு நிக்கிறான்."

மூன்று பெரிய அலைகள் எழுந்து, படகைத் தூக்கி இறக்கிவிட்டு, கரையோரத்தில் வெள்ளையாக உடைந்தன. மூன்றாவது உடைவதற்குள் இன்ஜின் அலறியது. அந்த அலையின் முதுகுக்குப் பின்னாலேயே படகு ஓடிவந்து மணலில் மூக்கைச் செருகியது. நாலு பேரும் குதித்தார்கள். கயிறு வந்தது, டிராக்டர் இழுத்தது. அடுத்த பெரிய அலை வந்தபோது அங்கே படகு இல்லை.

கடலுக்குள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போய்வருவது இவர்களுக்கு நடந்து டீக்கடைக்குப் போகிற மாதிரி. கடைசி இருநூறு மீட்டர்தான் தொழில். இந்த அத்தியாயமும் அந்த இருநூறு மீட்டரைப் பற்றியதுதான்.

இதே வேலை மத்தியதரைக் கடலில் எப்படி நடக்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம். இத்தாலியின் சிசிலித் தீவில், தெற்குக் கரையோரம், பொட்சாலோ என்று ஓர் ஊர். அங்கே கிளம்பும் பயணிக் கப்பல் ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் மால்ட்டாத் தீவின் தலைநகர் வல்லெட்டாவை அடைகிறது. கப்பலின் நீளம் 110 மீட்டர். ஏறத்தாழ 900 பேரும் அவர்களுடைய கார்களும் அதற்குள் அடங்கும். மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்த கப்பல், துறைமுக வாயில் நெருங்கியதும் வேகத்தைக் குறைக்கிறது. வலக்கைப் பக்கம் செயின்ட் எல்மோ கோட்டை. இடக்கைப் பக்கம் ரிகாசோலி கோட்டை. இன்னும் உள்ளே போனால் செயின்ட் ஏஞ்சலோ கோட்டை. தேன் நிறச் சுண்ணாம்புக்கல் மதில்கள் தண்ணீரிலிருந்து நேராக எழுந்து நிற்கின்றன. 1565இல் துருக்கிய ஆட்டோமன் பேரரசின் படை மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் விழாத தீவு இது. மறு ஆண்டே, 1566 மார்ச் 28 அன்று, வல்லெட்டா நகருக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்த மதில்களின் நிழலில் கப்பல் ஒட்டி நிற்க, பயணிகள் பெட்டியை உருட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். கோப்பையில் இருக்கும் காபி சிந்துவதில்லை.

அந்தக் கப்பலின் வகைக்குப் பெயர் கேட்டமரான். சொல் நம்முடையது. கட்டுமரம் என்ற பெயரைச் சுமந்த கப்பல் கோட்டைக்குள்ளேயே போய் நிற்கிறது. கட்டுமரம் பிறந்த கரையிலோ படகு இருநூறு மீட்டர் தள்ளி நின்று அலை பார்க்கிறது. ஏன்?

*

முதலில் அலை. நெம்மேலியில் உடைகிற அலை நெம்மேலியில் பிறந்ததில்லை. உள்ளூர்க் காற்று கிளப்பும் சிற்றலைகள் உண்டு. நம்மைத் தூக்கி அடிக்கும் நீண்ட அலைகளில் பல, தென் இந்தியப் பெருங்கடலின் கடுங்குளிர்ப் பகுதியில் வீசும் சூறாவளிகளில் பிறந்து, இலங்கைக்குக் கிழக்கே சுற்றிக்கொண்டு வருபவை. 14 வினாடிக்கு ஒன்றாக வரும் அலையை எடுத்துக்கொண்டால், ஆழ்கடலில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே ஏறத்தாழ 300 மீட்டர் இருக்கும். அந்த அலைக்கூட்டத்தின் ஆற்றல் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்குச் சற்றுக் குறைவாக நகரும். தெற்கே 50 டிகிரி அட்சரேகையிலிருந்து நெம்மேலிக்கு ஏறத்தாழ ஏழாயிரம் கிலோமீட்டர். ஒரு வாரப் பயணம். போன செவ்வாய்க்கிழமை அங்கே அடித்த புயல் இந்தச் செவ்வாய்க்கிழமை இங்கே ஒரு படகைக் காக்க வைக்கிறது.

கணக்குக்கு வசதியாக இனி 8 வினாடி அலை. ஆழ்கடலில் அதன் நீளம் 100 மீட்டர், வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். தன் நீளத்தில் பாதியளவுக்கு ஆழம் குறையும்போது, அதாவது 50 மீட்டர் ஆழத்தில், அலைக்குக் கடல்தரை தட்டுப்படத் தொடங்குகிறது. அதற்குப் பிறகு கரையை நெருங்க நெருங்க வேகம் குறைகிறது. ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்கு வரும்போது மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டி சுங்கச்சாவடியை ஞாயிற்றுக்கிழமை மாலையில் கடந்தவர்களுக்கு அடுத்து நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் போகும் வண்டி வேகம் குறைக்க, பின்னால் வருவது அதன் முதுகில் ஏறுகிறது. வண்டிகளுக்கு இடையே இருந்த இடைவெளி சுருங்குகிறது. அலையிலும் நீளம் சுருங்குகிறது. ஆனால் அது சுமந்துவந்த ஆற்றல் எங்கேயாவது போக வேண்டுமே. மேலே போகிறது. அலை உயர்கிறது, செங்குத்தாகிறது. முகட்டுக்குக் கீழே இருக்கும் ஆழம், பள்ளத்துக்குக் கீழே இருப்பதைவிட அதிகம். அதனால் முகடு வேகமாக ஓடி, தன் காலையே தாண்டிக் குப்புற விழுகிறது. தண்ணீரின் ஆழத்தில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகமாக அலையின் உயரம் வந்துவிட்டால் அது உடையும் என்பது தோராயமான விதி. ஒரு மீட்டர் அலை ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில் உடையும். மார்பளவு தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மீட்டர் உயரமான 8 வினாடி அலை, கரையின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் கொண்டுவந்து கொட்டும் ஆற்றல் ஏறத்தாழ எட்டு கிலோவாட். வீட்டு ஏசி நாலு ஓடும். நீங்கள் கைகளை விரித்து நிற்கும் அகலத்துக்கு ஏழெட்டு ஏசி. இதையெல்லாம் அலை கடைசிச் சில பத்து மீட்டரில் இறக்கி வைக்கிறது. படகு அந்த இடத்தில் குறுக்காகத் திரும்பிவிட்டால் என்ன ஆகும் என்பதைக் குப்பத்துப் பிள்ளைகளும் சொல்வார்கள்.

அப்படியானால் படகு எதற்குக் காத்திருந்தது? எல்லா அலையும் ஒன்றுபோல் இருந்தால் காத்திருந்து என்ன பயன்? இங்கேதான் ஒரு பள்ளிக்கூடக் கணக்கு உதவிக்கு வருகிறது. கடலில் ஒரே நேரத்தில் பல அலைவரிசைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 8 வினாடிக்கு ஒன்றாக ஒரு வரிசை, 9 வினாடிக்கு ஒன்றாக இன்னொரு வரிசை என்று இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். இரண்டின் முகடுகளும் இப்போது சேர்ந்து வந்தால் அலை பெரிது. மறுபடி அவை எப்போது சேரும்? எட்டுக்கும் ஒன்பதுக்கும் மீச்சிறு பொது மடங்கு 72. ஆக, 72 வினாடி கழித்து. நடுவே, 36ஆவது வினாடியை ஒட்டி, ஒன்றின் முகடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்து இரண்டும் ஏறத்தாழ அடங்கிப்போகும். உண்மைக் கடலில் இரண்டு வரிசைக்குப் பதில் இருபது இருக்கும். ஆகையால் இடைவெளி இவ்வளவு ஒழுங்காக வராது. ஆனால் பெரிய அலைகள் மூன்று நான்காகக் கூட்டம் சேர்ந்து வருவதும், பிறகு கடல் கொஞ்சம் மூச்சு வாங்குவதும் இந்தக் கணக்கால்தான். அந்த மூச்சு வாங்கும் நேரத்துக்குத்தான் படகு நின்றது. மீச்சிறு பொது மடங்கு வாழ்க்கையில் எதற்கு உதவும் என்று கேட்கும் மாணவர்களை ஒருநாள் காலை நெம்மேலிக்கு அழைத்துவரலாம்.

*

மால்ட்டாவிலும் அலை உண்டு. ‘கிரிகால்’ என்றொரு வடகிழக்குக் காற்று அங்கே பேர்போனது. நம் வாடைக்கு ஒன்றுவிட்ட தம்பி எனலாம். அது அடித்தால் துறைமுக வாயிலே கலங்கும். அதனால்தான் செயின்ட் எல்மோ கோட்டை கட்டி முந்நூறு வருடங்களுக்கும் மேல் ஆன பிறகு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வாயிலுக்கு வெளியே அலைத் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். ஆனாலும் அங்கே நம்மூர் மாதிரிக் கரைக்கு வந்து உடையும் அலை கிடையாது. காரணம் ஆழம். மதிலின் காலடியிலேயே தண்ணீர் ஆழம்.

அந்த ஆழம் எப்படி வந்தது? சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, உலகத்தின் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. கடல்நீரில் அவ்வளவு பங்கு வட துருவப் பக்கம் பனிப்பாளமாக உட்கார்ந்திருந்தது. மால்ட்டா அப்போது தீவே இல்லை. சிசிலியோடு நிலமாக ஒட்டிக்கிடந்தது. அதன் சுண்ணாம்புப் பாறையை மழைநீர் அறுத்துப் பள்ளத்தாக்குகளை உண்டாக்கியிருந்தது. பனி உருகிக் கடல் ஏறியபோது அந்தப் பள்ளத்தாக்குகளில் தண்ணீர் புகுந்தது. வல்லெட்டாவின் துறைமுகம் கடலில் மூழ்கிய ஒரு பள்ளத்தாக்கு. கோட்டைகள் நிற்பது அதன் விளிம்புகளில்.

கடல் ஏறியது மால்ட்டாவில் மட்டுமா? இங்கேயும்தான் ஏறியது. பனியுகத்தில் நெம்மேலிக்குக் கடற்கரை கிடையாது. அலை வெகுதூரம் கிழக்கே தள்ளி உடைந்துகொண்டிருந்தது. பாலாறும் நம் மற்ற ஆறுகளும் அன்றைய தாழ்ந்த கடலை எட்டுவதற்காகத் தங்கள் பள்ளத்தாக்குகளைத் தோண்டிக்கொண்டு ஓடின. கடல் ஏறியபோது அவையும் மூழ்கின. ஆக, துறைமுகத்துக்கான குழி நமக்கும் வெட்டித் தரப்பட்டதுதான். பிறகு என்ன ஆயிற்று?

ஆறுகள் அதைத் தூர்த்துவிட்டன. மால்ட்டாவில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. கொண்டுவந்து கொட்ட மணல் இல்லாததால் குழி குழியாகவே இருந்தது. அந்தத் தீவின் தண்ணீர்ப் பஞ்சம்தான் அதன் துறைமுகத்தைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையில்லை. நம் ஆறுகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மேற்கிலிருந்து மணலும் வண்டலும் சுமந்துவந்து பள்ளத்தாக்குகளை நிரப்பின. மிஞ்சிய மணலை அலை எடுத்துக் கரை நெடுகப் பரப்பியது.

அலை கரைக்கு நேராக வருவதில்லை. கொஞ்சம் சாய்ந்து வருகிறது. சாய்ந்து ஏறும் அலை மணலையும் சாய்வாக மேலே தள்ளும். திரும்பும் தண்ணீர் நேராகக் கீழே இறங்கும். ஒவ்வொரு அலைக்கும் மணல் ஓர் அடி நகரும். பாய் முடைகிற மாதிரி, குறுக்கும் நெடுக்குமாக. தென்மேற்குப் பருவக் காலத்தையொட்டிய மாதங்களில் இந்த ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கே. வடகிழக்குப் பருவக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே. மீனவர்கள் முன்னதைத் தெண்டி என்பார்கள், பின்னதை வன்னி என்பார்கள். வருடக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் தெண்டிதான் ஜெயிக்கிறது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கனமீட்டர் மணல் வடக்கு நோக்கிப் போகிறது. கோவளத்துக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டு முகத்துவாரத்தைப் பாருங்கள். மழை வெள்ளம் வந்தால் வாய் திறக்கும். வெள்ளம் வடிந்து சில மாதங்களில் நடந்துவரும் மணல் வாயை மூடிவிடும். அதற்குள் ஒரு கப்பல் வருவதாக இருந்தால் பொக்லைனையும் கூடவே கூட்டிவர வேண்டும்.

*

இப்படிப்பட்ட கரையில்தான் ஐரோப்பியர்களும் நவாபும் வரிசையாகக் கோட்டை கட்டினார்கள். வரைபடத்தில் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். நெம்மேலிக்கு வடக்கே கோவளம். அங்கே ஆஸ்ட்டெண்ட் கம்பெனி என்ற ஐரோப்பியக் கம்பெனி பதினெட்டாம் நூற்றாண்டில் கடை விரித்தது. அங்கிருந்த கோட்டையை 1752இல் ராபர்ட் கிளைவ் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார். தெற்கே மாமல்லபுரத்தைத் தாண்டினால் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டை இன்றும் நிற்கிறது. உள்ளே டச்சு எழுத்து பொறித்த கல்லறைகள், வெளியே சற்றுத் தள்ளிக் கல்பாக்கம் அணுமின் நிலையம். இன்னும் தெற்கே கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. 1760இல் ஆங்கிலேயர் இடித்தது போக மிச்சம். வடக்கே தலைமையாக, 1640இல் எழும்பத் தொடங்கிய சென்னைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டை.

இத்தனை கோட்டைகளில் ஒன்றின் முன்னாலும் இயற்கைத் துறைமுகம் கிடையாது. வணிகத்துக்கு இந்தக் கரை வேண்டியிருந்தது, ஏனென்றால் துணி இங்கே நெய்யப்பட்டது. சதுரங்கப்பட்டினத்து மஸ்லின் ஐரோப்பாவில் பேர் வாங்கியது. தறி எங்கே இருந்ததோ அங்கே கோட்டை வந்தது. கப்பல் பாடு கப்பலுக்கு. அது ஓரிரு கிலோமீட்டர் தள்ளித் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நின்று ஆடிக்கொண்டிருந்தது. கோட்டையின் பீரங்கி கரையைக் காத்தது, கப்பலை யார் காப்பது? 1746இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்தார். அந்த அக்டோபரிலேயே வந்த புயல், கோட்டைக்கு எதிரே நின்ற அவருடைய கப்பல்களைச் சிதறடித்தது. 1782 பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சு, ஆங்கிலக் கடற்படைகள் மோதிய போருக்குச் சரித்திரப் புத்தகங்களில் சதுரங்கப்பட்டினப் போர் என்று பெயர். ஊருக்கு எதிரே கடலில்தான் சண்டை. செங்கல் கோட்டைக்கு அதில் எந்த வேலையும் இருக்கவில்லை.

மாமல்லபுரம் கொஞ்சம் பரவாயில்லை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கருங்கல் பாறைகள் அங்கே அலையை ஓரளவு உடைத்துக் கொடுக்கின்றன. சரக்குப் பாரத்தால் சாய்ந்து நின்ற கப்பல்களைத் திருமங்கையாழ்வார் கடல்மல்லையில் வைத்துப் பாடியிருக்கிறார். பல்லவர்கள் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததில் கோவில் குடைய வசதியான பாறை என்ற காரணத்தோடு இதுவும் சேர்ந்திருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம். நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

நங்கூரமிட்ட கப்பலிலிருந்து கரைக்கு ஆளும் சரக்கும் எப்படி வந்தன? சலங்கில். ஆங்கிலேயர்கள் அதை மசூலாப் படகு என்று எழுதி வைத்தார்கள். புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள் சலங்கு என்ற சொல்லையே தங்கள் நாக்குக்கு வளைத்துக்கொண்டார்கள். பலகைகளைத் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. ஆணி கிடையாது. உள்ளே விலா எலும்பு மாதிரிக் குறுக்குச் சட்டம் கிடையாது. அடி தட்டை. பத்துப் பன்னிரண்டு பேர் துடுப்புப் போட, பின்னால் ஒருவர் நீண்ட துடுப்பால் திசை பிடிப்பார். முதன்முதலில் பார்த்த ஐரோப்பியர்களுக்கு அது ஏதோ பழைய கூடை மாதிரித் தெரிந்தது. ஓக் மரத்தில் இரும்பாணி அறைந்து கட்டிய தங்கள் கப்பல் படகுகளில் கரையேற முயன்றவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள்.

அந்தப் பாடம் இயற்பியல். இரண்டு டன் எடையுள்ள படகு வினாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் மணலில் மோதுவதாக வைத்துக்கொள்வோம். விறைப்பான படகு ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடும். அப்போது அதன் அடிப்பாகம் வாங்கும் விசை எட்டு டன் எடைக்குச் சமம். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். அதனால் நிற்பதற்குக் கால் வினாடி எடுத்துக்கொள்ளும். அப்போது விசை ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஐந்தில் ஒரு பங்கு. கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தைப் பிடிக்கிறவர் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறாரே, அதே சூட்சுமம். மோதல் நேரம் நீண்டால் அடி குறையும். தையலுக்குள் தண்ணீர் கசியும்தான். கசிவதை இறைத்துக்கொள்ளலாம். உடைந்த பலகையை அலைக்கு நடுவே யாரும் ஒட்டவைக்க முடியாது.

வல்லெட்டாவில் பாறை செய்து கொடுத்த வேலையை இங்கே ஒரு கயிற்றுத் தையல் செய்தது. சலங்கு கவிழ்ந்தால் ஆளைத் தூக்குவதற்குப் பக்கத்திலேயே கட்டுமரங்கள் வரும். கட்டுமரம் இன்னும் துணிச்சலான யோசனை. படகு மிதப்பது உள்ளே அடைத்துவைத்த காற்றால். தண்ணீர் புகுந்துவிட்டால் கதை முடிந்தது. கட்டுமரத்தில் காற்றை அடைக்கவே இல்லை. இலேசான மரங்களைச் சேர்த்துக் கட்டியதால் மரமே மிதக்கிறது. மேலே ஏறும் அலை இடுக்குகள் வழியாகக் கீழே இறங்கிவிடும். நிரம்புவதற்கு இடமே இல்லாத ஒன்றை எப்படி மூழ்கடிப்பது? கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப் போட்டுவிடலாம். கவிழலாம்தான். ஏறி உட்கார்ந்து மறுபடி துடுப்பைப் போட வேண்டியதுதான்.

வில்லியம் டாம்ப்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். சொல் ஆங்கிலத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பின்னால் 1876இல் நத்தானியேல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் இரண்டு ஒல்லியான உடல்களைப் பக்கம் பக்கமாக வைத்து இணைத்த பாய்ப்படகு ஒன்றைக் கட்டி நியூயார்க் போட்டியில் ஓட்டினார். அந்த வகைக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் இரட்டை உடல் படகின் சொந்த ஊர் பசிபிக் தீவுகள். நம் கட்டுமரத்துக்கும் அதற்கும் வடிவத்தில் ஒட்டுறவு குறைவு. பெயர் நம்முடையது, பொறியியல் பாலினேசியர்களுடையது, மால்ட்டாவுக்கு ஓடும் கப்பலைக் கட்டியது டாஸ்மேனியாவில். ஒரு கேட்டமரானைக் காட்டி ‘இது தமிழன் கண்டுபிடிப்பு’ என்று யாராவது சொன்னால் பாதிதான் தலையாட்டுங்கள்.

தமிழ்க் கடலில் எல்லாக் கரையும் நெம்மேலி மாதிரியும் இல்லை. யாழ்ப்பாணத்தில் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே, கடலுக்குள்ளேயே ஒரு கோட்டை நிற்கிறது. போர்த்துக்கீசியர் கட்டியதை 1658இல் டச்சுக்காரர்கள் பிடித்து, ஹம்மன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். பன்றித் தொடையின் குதிகால் என்று பொருள். வரைபடத்தில் இலங்கை அவர்களுக்குப் பன்றித் தொடை மாதிரித் தெரிந்திருக்கிறது. அந்த நீர்ப்பரப்பைக் கடக்கும் மிதவைக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பாதை’. பாதையில் ஏறி நின்றால் கோட்டை தெரியும், கால் நனையாது. தென்பெருங்கடலிலிருந்து வரும் நீண்ட அலையை இலங்கையே குறுக்கே படுத்துத் தடுத்துவிடுகிறது. உள்ளே பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது, தீவுகள் சூழ்ந்தது. வல்லெட்டாவுக்கு நெருங்கிய காட்சி தமிழ் பேசும் இடத்தில் வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும்.

*

மணல் நடக்கிற கரையில் வலுக்கட்டாயமாகத் துறைமுகம் கட்டினால் என்ன ஆகும் என்று பார்க்க வெள்ளைக்காரர்களுக்கு ஆசை வந்தது. சென்னையில் 1876இல் கடலுக்குள் இரண்டு கல் கைகளை நீட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பரில் வந்த புயல் அவற்றை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். வடக்கே நடந்துகொண்டிருந்த மணலுக்குக் குறுக்கே சுவர் விழுந்துவிட்டது. தெற்குப் பக்கம் மணல் தேங்கித் தேங்கி அகலமான கடற்கரை உண்டாயிற்று. வடக்குப் பக்கம் மணல் வரத்து நின்றுபோய் ராயபுரம் பக்கத்துக் கரையைக் கடல் தின்றது. தெற்கே பெருகிய மணலை ஒட்டி 1880களில் நடைபாதை போட்ட ஆளுநர் கிராண்ட் டஃப், தாம் சிசிலியில் பார்த்த கடற்கரைச் சாலையை நினைத்து அதற்கு மெரினா என்று பெயரிட்டார். நாம் சுண்டல் சாப்பிடும் இடத்தின் பெயர், மால்ட்டாக் கப்பல் கிளம்புகிற அதே தீவிலிருந்து வந்தது.

அந்தப் பாடம் இன்றும் முடியவில்லை. இந்தக் கரையில் எங்கே கல்லைக் கொட்டினாலும் கல்லுக்குத் தெற்கே ஒரு குப்பம் மணல் பெறும், வடக்கே ஒரு குப்பம் மணல் இழக்கும். தன் வீட்டின் முன்னால் கல் கொட்டச் சொல்லி ஒரு குப்பம் மனுக் கொடுக்கிறபோது, அடுத்த குப்பத்தையும் அந்த மனுவில் சேர்த்துக்கொள்வது நல்லது. மணலுக்கு ஊர் எல்லை தெரியாது, அதிகாரிகளுக்குத் தெரியும் என்பதுதான் சிக்கல்.

நெம்மேலியில் ஒன்றை மட்டும் பொறியாளர்கள் புத்திசாலித்தனமாகச் செய்திருக்கிறார்கள். இங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். பக்கத்திலேயே இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியில் வந்தது. அது 15 கோடி லிட்டர். அதற்கு வேண்டிய கடல்நீரைக் கரையோரத்தில் எடுப்பதில்லை. உடையும் அலை மணலைக் கலக்கிவிடும், குழாய் வாய் தூர்ந்துபோகும். அதனால் கடலடியில் குழாயைப் பதித்து, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி, அலை உடையாத ஆழத்தில் வாயை வைத்திருக்கிறார்கள். கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் இதே ஏற்பாடுதான். குளிர்விக்கும் நீர் கடலடிச் சுரங்கம் வழியாக ஏறத்தாழ அரை கிலோமீட்டர் தூரத்திலிருந்து வருகிறது. அந்தக் காலத்துக் கப்பல் நங்கூரம் போட்ட இடத்துக்கும் இந்தக் காலத்துக் குழாய் வாய் இருக்கும் இடத்துக்கும் காரணம் ஒன்றேதான். கடைசி இருநூறு மீட்டரைச் சலங்கு மேலே நெளிந்து கடந்தது, குழாய் கீழே புகுந்து கடக்கிறது.

கட்டுமரம் இந்தப் பக்கம் அரிதாகிவிட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு வந்த உதவிகளோடு ஃபைபர் படகுகள் கரையை நிறைத்தன. சலங்கு முன்பே போய்விட்டது. தைக்கத் தெரிந்த கைகளும் அதோடு போயின. அலை பார்க்கும் கண்கள் மட்டும் இருக்கின்றன.

நெம்மேலிக்குப் போனால் கடிகாரத்தோடு போங்கள். ஓர் அலை உடைந்து அடுத்தது உடையும் வரை எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். பத்து அலைக்கு எண்ணிச் சராசரி எடுத்தால் இன்னும் நல்லது. அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை ஒன்றரையால் பெருக்குங்கள். அந்த அலை ஆழ்கடலில் எத்தனை மீட்டர் நீளம் இருந்தது என்று ஏறத்தாழ வந்துவிடும். இதையெல்லாம் உலர்ந்த மணலில் உட்கார்ந்தே செய்யலாம். உடைந்த அலைகளின் தண்ணீர் ஏதாவது ஓரிடத்தில் வாய்க்கால் மாதிரி வெட்டிக்கொண்டு கடலுக்குத் திரும்பும். அந்த இடத்தில் அலை குறைவாக உடையும், பார்வைக்கு அமைதியாக இருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் குளிக்கத் தேர்ந்தெடுப்பது அந்த இடத்தைத்தான். அங்கே இறங்காதீர்கள்.